பின்னுக்கு நிண்டவள்

முதல்ல உந்தச் சொல்லை வெட்டுங்கோ தம்பி. களவு எண்டு அந்த வீட்டு ஆக்கள் எழுதினா நீங்களும் களவு எண்டே எழுதுவீங்களோ? ஓ, அவையளின்ர கடிதத்தில இருக்கிறதைக் குறிச்சு வைக்கிறீங்களோ. சரி, குறியுங்கோ. எனக்கு முன்னால இருந்து குறிக்காதேங்கோ. அந்தப் படம் வீட்டைவிட்டு ஒரேயொரு நாள்தான் வெளியில போனது. காலமை பத்து மணிக்கு ஹரோவில இருந்து என்ர பையுக்குள்ள வெளிக்கிட்டது, பின்னேரம் நாலு மணிக்கு அதே சுவரில அதே ஆணியில தொங்கினது. களவெடுத்த சாமானைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொழுவி, தூசும் தட்டிவிடுற கள்ளியை நீங்கள் எந்தச் சட்டப் புத்தகத்தில படிச்சனீங்கள்?

அடையாளப் பத்திரமோ? இருக்கு. பையுக்குள்ள கிடக்கு. தாறன், ஏன் அந்தரப்படுறீங்கள். ஒரு மணித்தியாலம் தருவினம் எண்டு முன்னுக்கு இருக்கிற பிள்ளை சொன்னவா. இப்ப அஞ்சு நிமிசம்தானே போயிருக்கு. பைலில மேரி அந்தோனிப்பிள்ளை எண்டு இருக்குத்தானே, இப்போதைக்கு அது காணும். லண்டனில எத்தினை மேரி. முழுப்பெயர் கடைசியில எழுதலாம்.

தண்ணி வேண்டாம். நீங்கள் குடியுங்கோ, உங்களுக்குத்தான் தொண்டை வறளுது. புது வேலை போல. என்னைப் பாக்கிறதைவிட நிரப்பிற அந்தப் போமைத்தான் கூடப் பாக்கிறீங்கள். முதல் பட்டதாரி, என்ன, வீட்டில? தெரியுது. ஒரு வரி எழுதிறதுக்கு முந்தி மூண்டுதரம் பேனையைத் தூக்கிறீங்கள். பிழை விடக்கூடாது எண்டு பயம். பயந்து எழுதிற ஆக்கள்தான் சரியா எழுதுவினம் எண்டு நினைச்சுத்தான் நான் வந்தனான். சும்மா புகழேல்லை, சிரிக்காதேங்கோ.

சரி, படத்துக்கு வருவம். அந்த விலை மதிக்கிற மனிசன் முந்தி எடுத்த போட்டோ உங்களிட்ட இருக்கெல்லே. வடிவாப் பாத்தனீங்களே? இருநூறு வருசத்துக்கு முந்தி ஆரோ தண்ணி வர்ணத்தில கீறினது. உந்த மேசையில கிடக்கிற தாளைவிடச் சின்னன். கிட்டப் போய்ப் பாத்தா பென்சில் கோடும் தெரியும். பழைய காவியம் ஒண்டில வாற காட்சியாம். பட்டணம் பத்தி எரியுது. ஒரு மனிசன் தகப்பனைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடுறான். மற்றக் கையில மகன். ஏழு வயசு இருக்கும் அந்தப் பெடியனுக்கு. பெண்சாதி எங்க? தேடுங்கோ. அந்தா, பின்னுக்கு, கோட்டை வாசலடியில, புகைக்குள்ள. பெருவிரலளவில ஒரு பொம்பிளை. கிழவனுக்குத் தோள் குடுத்திட்டான், பெடியனுக்குக் கை குடுத்திட்டான். அவளுக்கு என்ன குடுத்தவன்? பின்னால வா எண்டு ஒரு சொல்லு.

இது முக்கியமோ எண்டு கேக்கிறீங்கள். முக்கியம். எழுதுங்கோ.

நான் பராமரிச்ச மிஸ் பார்லோ லத்தீன் படிப்பிச்சவா. கலியாணம் கட்டேல்லை. அந்தப் படம் அவவின்ர தாத்தாவின்ர சொத்து. படியேறிப் போற இடத்தில, சுவரில தொங்கும். அதுக்கு மேல ஒரு பச்சைச் சீலை, சின்னத் திரைச்சீலை மாதிரி. ஏனெண்டா வெளிச்சம் பட்டா வர்ணம் பறந்திடுமாம். ஒரு நாளைக்கு ஒருக்கா, பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு, சீலையைத் தூக்கி ரெண்டு நிமிசம் பாக்கிறது. பிறகு மூடிறது. எட்டு வருசம் அந்த வீட்டில நிண்டனான். எட்டு வருசமும் அந்தச் சீலையைத் தூக்கினது என்ர கைதான், அவவுக்குக் கை உயராது. ஒவ்வொரு நாளும் கதையைச் சொல்லுவா. எனக்கு இங்கிலீசு அரைகுறை, ஆனா ஒரே கதையை மூவாயிரம் தரம் கேட்டா மாட்டுக்கும் விளங்கும்.

கடைசியில அவன் திரும்பிப் பாக்கிறானாம், பெண்சாதியைக் காணேல்லையாம். எரியிற ஊருக்குள்ள திரும்பி ஓடித் தேடுறானாம். அப்ப அவளின்ர ஆவி வந்து, நீ கவலைப்படாதை, நீ போ, உனக்கு வேற நாடு இருக்கு, வேற பெண்சாதியும் இருக்கு எண்டு சொல்லுதாம். நான் மிஸ்ஸுக்கு முன்னாலயே சிரிச்சுப்போட்டன். ஆம்பிளையள் எழுதின கதையெல்லே. செத்தவளே எழும்பி வந்து ஆட்சேபம் இல்லை எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டுப் போறாள். எவ்வளவு வசதி.

ஆனா ஒண்டு சொல்லோணும். அவன் திரும்பிப் போய்த் தேடினவன். கதையிலயாவது தேடினவன்.

எனக்கு அந்த மனிசனில கூடக் கோவம் இல்லைத் தம்பி. தோளில பாரம், அவனால கழுத்தைத் திருப்ப ஏலாது. எனக்குக் கோவம் அந்தப் பெடியனில. அவன்ர தோளில என்ன கிடந்தது? ஒண்டுமில்லை. ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம். அம்மா எங்கை எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம். படத்தில பாருங்கோ அவன்ர முகத்தை, நேர முன்னுக்குப் பாத்துக்கொண்டு, விளையாடப் போற மாதிரிப் போறான். ஏழு வயசெண்டா சின்னப் பிள்ளை எண்டு சொல்லுறீங்களோ? சொல்லுங்கோ. நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள்.

நான் எப்ப வந்தனானோ? ரெண்டாயிரத்துப் பதின்மூண்டு. இல்லை, ஊரில இருந்து இல்லை. ஹொலண்டில இருந்து. டென் ஹெல்டர் எண்டு ஒரு ஊர், கடலடி, எந்த நேரமும் காத்து. உங்களுக்கு நினைவிருக்காது. தெரிஞ்சிருக்காது எண்டு சொல்ல வந்தன். பதினைஞ்சு வருசம் இருந்தனான் அங்க.

அதென்ன, படத்தை லமினேட் பண்ணின கதைக்கு வரச் சொல்லுறீங்கள். வாறன். அதுக்கும் ஹொலண்டுக்குள்ளாலதான் வரோணும். அங்க முதல் வருசம், குடிவரவுக் கந்தோருக்கு ஒரு கடிதம் கொண்டுபோறன். மழை. கோட்டுக்குள்ள வைச்சும் நனைஞ்சு போச்சு. முத்திரை மை ஊறிப்போச்சு. கண்ணாடிக்கு அங்கால இருந்தவள் ரெண்டு விரலால பிடிச்சுப் பாத்திட்டு, இது செல்லாது எண்டு திருப்பித் தள்ளினாள். அந்த ஒரு தாளுக்கு ஏழு மாதம் அலைஞ்சனான். அண்டையில இருந்து என்ர கையில என்ன தாள் வந்தாலும் நான் முதல் செய்யிற வேலை அதை பிளாஸ்டிக்குக்குள்ள போடுறது. ஞாயிறு பூசைக்கு வாற ஆரையும் கேளுங்கோ, லமினேட் மேரி எண்டுதான் சொல்லுவினம். எனக்கு ஒரு சாமான் துலையக்கூடாது எண்டா, இதுதான் எனக்குத் தெரிஞ்ச வழி. நீங்கள் படிச்ச ஆக்கள், உங்களுக்கு வேற வழி இருக்கும்.

ஈஸ்ட் ஹாமில வாமதேவன் அண்ணையின்ர கடை. போட்டோக் கொப்பி, பாஸ்போர்ட் படம், ஊருக்குப் பார்சல், லமினேட், எல்லாம் ஒரே மேசை. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, மிஸ்ஸோட வேலைக்கு மாறி வாற மற்றப் பிள்ளை நிப்பாள். அண்டைக்குத்தான் கொண்டுபோனனான். அண்ணை படத்தைப் பாத்திட்டு, இதென்ன பிள்ளை, புனிதரோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். அந்தாள் துடைச்சு, கவனமா வைச்சு, மெசினுக்குள்ள விட்டார். சுடச்சுட வெளியில வந்தது. பளபளவெண்டு. அவரைக் கேசுக்குள்ள இழுக்காதேங்கோ. அந்தாள் செத்தவீட்டு நினைவு அட்டையும் கலியாணப் பத்திரமும் லமினேட் பண்ணிற மனிசன், இருநூறு வருசத்துப் படம் எண்டு அவருக்கு என்ன தெரியும்.

இதைப் பழையபடி திருப்பவே ஏலாது எண்டு அந்த விலை மதிக்கிறவர் எழுதியிருக்கிறாராம். தம்பி, திருப்ப ஏலாமல் இருக்கத்தானே லமினேட் பண்ணிறது.

என்ன பாக்கிறீங்கள். கேளுங்கோவன். எனக்கு அது பெறுமதியான சாமான் எண்டு தெரியாதோ? அதைத்தானே கேக்கப் போறீங்கள். தெரியாது, நல்லதுக்கு எண்டு நினைச்சுச் செய்தன், அறியாமல் நடந்தது. அப்பிடி நான் சொன்னா உங்களுக்கு லேசு. இல்லை, நீங்கள் சொல்லச் சொல்லேல்லை. நீங்கள் பாத்துப் பாத்துக் கதைக்கிற ஆள். உங்கட வாயில இருந்து பொய் வராது, ஆனா நான் பொய் சொன்னா உங்களுக்கு நிம்மதி. நெத்தியில எழுதியிருக்கு.

எனக்குத் தெரியும் தம்பி. அது விலைக்கு மேல விலையான சாமான் எண்டு, வெளிச்சமே படக்கூடாத சாமான் எண்டு, எட்டு வருசம் சீலை தூக்கின எனக்குத் தெரியாதோ? வேணுமெண்டுதான் செய்தன் எண்டு எழுதுங்கோ. எழுதுங்கோ எண்டுறன்.

ஓம், விளங்குது. வேணுமெண்டு செய்தது எண்டா பொலிஸ் வரைக்கும் போகும். என்ர கெயரர் பதிவில கறுப்புப் புள்ளி விழும். பிறகு ஒரு கிழவியையும் குளிப்பாட்ட விடமாட்டினம். எனக்கு அம்பத்திரண்டு வயசு, வேற வேலை தெரியாது. இதையெல்லாம் எனக்கு இங்கிலீசில விளங்கப்படுத்தி, பிறகு தமிழில விளங்கப்படுத்தி, ரெண்டுதரம் வெருட்டாதேங்கோ. ஒருதரம் காணும்.

அந்த மற்றப் போட்டோவையும் எடுத்து மேசையில வையுங்கோ. பைலுக்குள்ள கவிட்டு வைச்சிருக்கிறீங்கள், நான் வரேக்கயே கண்டிட்டன். கிட்ட எடுத்த படம். வையுங்கோ, நான் பயப்பிட மாட்டன்.

ஓம். வெட்டினதுதான். நான்தான் வெட்டினன்.

மிஸ்ஸுக்குக் கடைசி வருசம் தலை சரியில்லை. அவவின்ர சகோதரத்தின்ர மகன், அந்த மருமோன்காரன், எட்டு வருசத்தில ரெண்டுதரம் வந்தவர், இப்ப கடிதம் எழுதிறவர், அவரின்ர பெயரும் மறந்து போச்சு. என்ர பெயரும் மறந்து போச்சு. பச்சைச் சீலையை மட்டும் மறக்கேல்லை. தேத்தண்ணி முடிஞ்சா கையை நீட்டுவா. நான் தூக்குவன். கதை வராது. முந்தி மடை திறந்த மாதிரிக் கதை சொன்ன மனிசி, வாசலடியைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேப்பா. அவள் வந்திட்டாளோ?

வாறாள் மிஸ், வந்துகொண்டிருக்கிறாள் எண்டு சொல்லுவன். அடுத்த நாளும் அதே கேள்வி. வந்திட்டாளோ? வாறாள் மிஸ். ஒரு மாதம், ரெண்டு மாதம். பிறகு அழத் தொடங்கினா. படியில இருந்து, சின்னப் பிள்ளை மாதிரி. ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது, ஏன் ஆரும் நிக்கேல்லை எண்டு. நானும் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆள்தான்.

ஒரு திங்கட்கிழமை அவ நித்திரை கொள்ளேக்க, படத்தைக் கழட்டி, தையல் கத்தரிக்கோல் எடுத்து, அந்தப் பொம்பிளையைச் சுத்தி வெட்டினன். வெட்டி, முன்னுக்குக் கொண்டுவந்து, பெடியனுக்குப் பக்கத்தில ஒட்டினன். பள்ளிக்கூடப் பிள்ளையள் பாவிக்கிற பசை. அவனுக்கு மற்றக் கை சும்மா தொங்கிக்கொண்டு இருந்தது தம்பி. அந்தக் கையடியில அவளின்ர கை வரத்தக்கதா வைச்சன். ஆள் கொஞ்சம் சின்னன்தான், தூரத்தில நிக்கிறதுக்குக் கீறின ஆளெல்லே. பரவாயில்லை. வந்து சேந்திட்டாள். விடிய ஓரம் கிளம்பிப்போச்சு, விழுந்திடும் போல கிடந்தது. அதுதான் லமினேட். விளங்குதே? படத்துக்காண்டி இல்லை. அவள் திரும்பப் பின்னுக்குப் போகாமல் இருக்க.

வாசலடியில இப்ப ஓட்டை. அதுக்குள்ளால சுவர்ப் பேப்பரில இருந்த ரோசாப்பூ ஒண்டு தெரியும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சீலையைத் தூக்கினன். மிஸ் கனநேரம் பாத்தா. ரெண்டு நிமிசத்துக்கு மேல. பிறகு, ஆ, அந்தா நிக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டு, பிஸ்கட் ஒண்டு கேட்டா. அதுக்குப் பிறகு பதினேழு நாள் இருந்தா. ஒருக்காலும் திருப்பிக் கேக்கேல்லை.

இதை எழுதினா எனக்கு எதிராப் போகும் எண்டு தெரியும். எழுதுங்கோ. என்ர வாக்குமூலம்தானே.

ஏன் எழுதிறதை நிப்பாட்டிப்போட்டீங்கள்? ஓ. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டனான் எண்டு சொன்னதோ. அதுக்கும் கேசுக்கும் சம்மந்தம் இல்லை. வேணுமெண்டா சொல்லுறன், பேனையை வைச்சிட்டுக் கேளுங்கோ.

எங்கட மனிசனுக்கும், அவரின்ர தகப்பன் மாமாவுக்கும், பிள்ளைக்கும் டச்சுப் பாஸ்போர்ட் கிடைச்சிட்டுது. எனக்கு இல்லை. நான் பிந்தி வந்தனான், அதுக்குள்ள பாசைச் சோதினை எண்டு ஒண்டு கொண்டுவந்திட்டினம். லண்டனில பிள்ளையை இங்கிலீசு படிப்பிக்கலாம் எண்டு எல்லாரும் வெளிக்கிட்ட நேரம். அவரும் வெளிக்கிட்டார். நாங்கள் முன்னுக்குப் போறம், நீ சோதினையைப் பாஸ் பண்ணிப்போட்டுப் பின்னால வா எண்டார். மாமாவின்ர சக்கர நாற்காலியை அவர் தள்ளினார். பிள்ளை மற்றப் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு போச்சு. பெரிய கப்பல் பாக்கப் போறன் எண்ட புளுகம் அவனுக்கு, ஒரே துள்ளல். நான் வாசலில நிண்டனான். ரெண்டாயிரத்து ஆறு.

ஓம். அந்தப் போம். நீங்கள் அதைச் சொல்லுவீங்கள் எண்டு எனக்குத் தெரியும், சட்டம் படிச்ச ஆளெல்லே. ஐரோப்பியப் பாஸ்போர்ட்காரரின்ர பெண்சாதிக்கு எண்டு ஒரு போம் இருந்ததாம். அதை அவர் நிரப்பியிருந்தா நானும் அதே கப்பலில வந்திருக்கலாமாம். சோதினை ஒண்டும் தேவையில்லையாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அவருக்கு எப்ப தெரியும் எண்டு எனக்குத் தெரியாது. நான் மூண்டுதரம் பெயில். ஒவ்வொரு முறையும் டெலிபோன் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுது. பிறகு நம்பர் மாறிப்போச்சு. ஏழாவது வருசம் பாஸ்போர்ட்டோட லண்டனுக்கு வந்தா, செவன் கிங்ஸில அவர் இருந்த வீட்டில வேற ஒரு பொம்பிளை கதவைத் திறக்கிறா. நல்ல மனிசி. குற்றம் சொல்லமாட்டன். என்னைத் தெரியாது அவவுக்கு. பிழையான வீடு எண்டு சொல்லிப்போட்டு இறங்கினன்.

பிள்ளையைக் கண்டனான். ஏன் காணாமல். பள்ளிக்கூடம் விடுற நேரம் தெருவில நிண்டனான். பதினாலு வயசு, தகப்பனைவிட வளத்தி. காதில வயர், கையில சிப்ஸ் பக்கெற். முன்னால போய் நிண்டு, ஸ்டேசனுக்கு எப்பிடிப் போறது தம்பி எண்டு கேட்டன். நேர போங்கோ அன்ரி எண்டுது. கையால காட்டிப்போட்டுப் போச்சு. நான் அந்த மூலை திரும்பிற வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டன். ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. பாக்க என்ன இருக்கு, வழி கேட்ட ஒரு அன்ரி.

அண்டைக்கே சொல்லியிருக்கலாம் எண்டுறீங்களோ. வீட்டில சமைச்சு வைச்சுக்கொண்டு ஒரு அம்மா இருந்தா. ரெண்டாவதாப் போய் வரிசையில நிக்க எனக்கு விருப்பமில்லை. என்ர வீம்பு. அதையும் வேணுமெண்டா எழுதுங்கோ.

ரெண்டு மாதத்துக்கு முந்தி எங்கட கோயில் பங்குப் பத்திரிகையில இந்த வருசத்துப் பட்டதாரிப் பிள்ளையள் எண்டு போட்டுப் படங்கள் வந்தது. சட்டம் படிச்சு, இல்ஃபோர்டில இலவச ஆலோசனை நிலையத்தில வேலை எண்டு ஒரு பிள்ளை. மருமோன்காரன்ர கடிதம் வந்தது அடுத்த கிழமை. எனக்குக் கிட்ட ஈஸ்ட் ஹாமிலயும் இப்பிடி ஒரு இடம் இருக்கு. நான் பஸ் மாறி இஞ்ச வந்து, பெயரைச் சொல்லி, அவர்தான் வேணும் எண்டு கேட்டனான்.

இன்னும் ஆறு நிமிசம் கிடக்கு. பத்திரம் கேட்டனீங்களெல்லே. இந்தாங்கோ. எல்லாம் லமினேட் பண்ணினதுதான். இது பாஸ்போர்ட் கொப்பி. இது கெயரர் பதிவு. இது ஞானஸ்நானப் பத்திரம், டென் ஹெல்டர் கோயிலில தந்தது. இல்லை, தவறி வரேல்லை. பிள்ளையின்ர பெயரை விடுங்கோ, அது உங்கட சட்டையில கொழுவியிருக்கிற அட்டையிலயே இருக்கு. கிறிஸ்துராஜா கிருசாந்தன். அதுக்குக் கீழ, தாயின்ர பெயரை வாசியுங்கோ. மேரிசாந்தி. அதுதான் முழுப்பெயர். போமில இப்ப எழுதலாம்.

கோப்பை சரியுது, பாத்து. பரவாயில்லை, விடு. அந்தத் தாளுக்குத் தண்ணி பட்டா ஒண்டும் செய்யாது.

சொந்தக்காரரின்ர கேசை எடுக்கக்கூடாது எண்டு வெளியில சுவரில ஒட்டியிருக்கு. நான் வாசிச்சிட்டுத்தான் உள்ளுக்கு வந்தனான். முதலே சொல்லியிருந்தா ரெண்டாவது நிமிசமே எழும்பியிருப்பாய். இப்ப எழும்பு. போய் வேற ஆளை அனுப்பு, நான் திருப்பி முதல்ல இருந்து சொல்லுறன், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. கதவடியில மட்டும் ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டுப் போ.